ஆவாரம்பூ மருந்து இல்லைங்க, குடிக்கிற சமாச்சாரம்

மாட்டுப் பொங்கலுக்கு முதல் நாள் சாயங்காலம் விருத்தாசலம் கடைவீதிப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். வேப்பிலை ஒரு குவியல், பூளைப்பூ ஒரு குவியல், பக்கத்திலேயே மஞ்சளாக ஆவாரம்பூ ஒரு குவியல். கொத்து கொத்தாக விலை பேசி வாங்கிப் போவார்கள். மறுநாள் மாட்டுக் கழுத்தில் மாலை, வாசல் நிலையில் ஒரு கொத்து. அதற்கும் அடுத்த நாள் அதே பூ குப்பைத் தொட்டியில் கிடக்கும். அப்புறம் அடுத்த தை வரைக்கும் அந்தச் செடியை ஊரில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆனால் செடி எங்கேயும் போய்விடுவதில்லை. ரயில்வே ஜங்ஷனை விட்டு வண்டி கிளம்பி நாலு நிமிஷம் ஆனதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் போதும். தண்டவாளத்தின் ஓரம், ஏரிக்கரை, முந்திரித் தோப்பு வேலி, செம்மண் மேடு என்று தண்ணீர் ஊற்ற ஆளில்லாத இடமெல்லாம் ஆவாரைதான். ஆடு மாடு அவ்வளவாகத் தொடாது. மழை இல்லாவிட்டாலும் கவலைப்படாது. வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பூத்துக்கொண்டே இருக்கும்.

இதே ஊரில் இதே பூவை ஐம்பது கிராம், நூறு கிராம் பாக்கெட்டாக "ஹெர்பல்" என்று எழுதிய அட்டையோடு காசு கொடுத்து வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கூரியரில் வருகிறது. வாங்கியவர் வீட்டுக்குப் பின்னால் வேலியோரத்தில் அதே செடி பூத்து நிற்கும். சிரிப்பு வருகிறதா? வரட்டும். ஆனால் இந்தக் கட்டுரை புலம்பப்போவது அந்தக் காசைப் பற்றி இல்லை. அந்த அட்டையில் எழுதியிருப்பதைப் பற்றி.

அதற்கு முன்னால் கொஞ்சம் வெளிநாடு போய் வரலாம்.

இங்கிலாந்தில் எல்டர் என்று ஒரு மரம் உண்டு. அதுவும் வேலியோரத்து மரம்தான், யாரும் பெரிதாக வளர்ப்பதில்லை. மே, ஜூன் மாதங்களில் வெள்ளை வெள்ளையாகக் குடை விரித்த மாதிரி பூக்கும். அந்த இரண்டு மாதமும் அங்கே கூடையைத் தூக்கிக்கொண்டு பூப் பறிக்கக் கிளம்புவது ஒரு சடங்கு மாதிரி. பறித்த பூவைக் கழுவக்கூட மாட்டார்கள், மகரந்தம் போனால் மணம் போய்விடும் என்று பூச்சியை மட்டும் உதறிவிடுவார்கள். சர்க்கரைப் பாகு காய்ச்சி, எலுமிச்சையை வட்டம் வட்டமாக நறுக்கிப் போட்டு, கொஞ்சம் சிட்ரிக் அமிலமும் சேர்த்து, பூவை அதில் ஒரு நாள் ஊறவைத்து வடிகட்டினால் தீர்ந்தது. தண்ணீர் கலந்து குடிக்க வேண்டியதுதான். பூவை மாவில் தோய்த்து பஜ்ஜி மாதிரிப் பொரித்துச் சர்க்கரை தூவிச் சாப்பிடுவதும் உண்டு. 2018ல் இங்கிலாந்து இளவரசர் ஹாரி கல்யாணத்துக்கு வெட்டிய கேக்கே எலுமிச்சையும் எல்டர் பூவும் சேர்ந்த கேக்தான். வேலியோரத்துப் பூ அரண்மனைக்குள் போய்விட்டது!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. எல்டர் பூவுக்கும் அங்கே நாட்டு வைத்தியப் பெருமை நிறையவே உண்டு. சளிக்கு நல்லது, காய்ச்சலுக்கு நல்லது என்று பாட்டிகள் காலத்திலிருந்து சொல்லி வருவதுதான். இருந்தாலும் இன்றைக்கு அதைக் குடிக்கிறவர் எதற்காகக் குடிக்கிறார் என்று கேட்டால், நன்றாக இருக்கிறது, அதனால் குடிக்கிறேன் என்பார். அவ்வளவுதான் பதில்.

இங்கே அந்தப் பதில் யார் வாயிலிருந்தும் வராது. ஆவாரம்பூ என்று சொல்லி வாய் மூடுவதற்குள் "சுகருக்கு நல்லதுங்க" என்று பதில் வரும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழி வேறு. எதுகைக்காக யாரோ ஒரு புண்ணியவான் சொல்லி வைத்தது. இப்போது அதுவே பாக்கெட் மேல் விளம்பர வாசகம் ஆகிவிட்டது. இலை, பூ, பட்டை, வேர், காய் என ஐந்தும் மருந்து, அதற்கு ஆவாரைப் பஞ்சாங்கம் என்று பெயர் என்பார்கள். (விருத்தாசலத்துக்காரர்களுக்கு ஐந்து என்றாலே ஒரு பாசம். கோயிலில் கோபுரம் ஐந்து, கொடிமரம் ஐந்து, தேர் ஐந்து என்று எண்ணி எண்ணி வளர்ந்தவர்கள். செடியிலும் ஐந்து என்றால் விடுவார்களா?)

பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சித்த மருத்துவத்தில் ஆவாரைக்கு இடம் உண்டு, யாரும் மறுக்கவில்லை. எலிகளை வைத்து நடத்திய ஆய்வுகளில் ரத்தச் சர்க்கரை குறைந்தது என்றும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் எலி வேறு, எதிர் வீட்டு மாமா வேறு. ஆய்வுக்கூடத்தில் அளந்து கொடுக்கும் சாறும், வீட்டில் ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கொதிக்கவைக்கும் தண்ணீரும் ஒன்றில்லை. மாத்திரைக்குப் பதிலாக இதைக் குடிக்கலாம் என்று சொல்லும் அளவுக்கு மனிதர்களிடம் நடத்திய சோதனை எதுவும் கையில் இல்லை.

ஆனாலும் ஊரில் என்ன நடக்கிறது? வாட்ஸப்பில் ஒரு செய்தி வரும். "48 நாள் குடியுங்கள், மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்." அனுப்பியவர் நல்லெண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். வாங்கிப் படித்த பெரியவர் முதல் வாரம் மாத்திரையைப் பாதியாக்குவார், அடுத்த வாரம் நிறுத்தியே விடுவார். சர்க்கரை ஏறினால் உடனே வலிக்காது, அதுதான் கொடுமை. உடம்பு லேசாக இருக்கிற மாதிரிகூடத் தோன்றும். கால் விரலில் ஒரு புண் வந்து ஆறாமல் போகிறபோதுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். இது நடக்காத தெரு எதுவும் இல்லை. படிக்கிற உங்களுக்கே இந்நேரம் ஒரு முகம் ஞாபகம் வந்திருக்கும்.

இந்த மாதிரி விளம்பரத்துக்கு எதிராகச் சட்டம் இல்லாமல் இல்லை. 1954லேயே வந்துவிட்டது. இன்னின்ன நோயைக் குணப்படுத்தும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்யக்கூடாது என்று ஒரு பட்டியலே போட்டிருக்கிறார்கள், அதில் நீரிழிவும் இருக்கிறது. ஆனால் எழுபது வருஷத்துக்கு முந்தைய சட்டம் வாட்ஸப் பெரியப்பாவை என்ன செய்யும்? சட்டத்தால் முடியாததை வேறு மாதிரிதான் செய்ய வேண்டும். ஆவாரம்பூவை மருந்து அலமாரியிலிருந்து இறக்கி அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டால் போதும். டீ குடித்துவிட்டு எந்த வியாதி குணமாயிற்று என்று யாராவது கேட்கிறார்களா? சுக்குக் காப்பி குடித்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறார்களா? ஆவாரம்பூவும் அந்த வரிசையில் உட்கார்ந்துவிட்டால் அதன் தலையில் இருக்கும் தேவையில்லாத பாரம் இறங்கிவிடும்.

நடக்கிற காரியமா என்று கேட்பவர்கள் கடலைத் தாண்டி இலங்கையைப் பார்க்கலாம். அங்கே ஆவாரைக்குச் சிங்களத்தில் ரணவரா என்று பெயர். காய்ந்த ரணவராவைக் கொதிக்கவைத்து, கையில் ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டே குடிப்பது அங்கே சாதாரணப் பழக்கம். பழைய தாவரவியல் புத்தகங்களில் இந்தச் செடிக்கு ஆங்கிலத்தில் "மாத்தறைத் தேயிலை" என்றே ஒரு பெயர் உண்டு, மாத்தறை என்பது இலங்கையின் தென்கோடி ஊர். அங்கே வில்வப்பூவையும் விடுவதில்லை. காயவைத்துக் கொதிக்கவைத்து "பெலிமல்" என்று குடிக்கிறார்கள். இங்கே வில்வம் என்றால் இலையைப் பறித்துச் சிவன் தலையில் வைப்பதோடு சரி, அது பூக்கும் என்பதே பாதிப் பேருக்குத் தெரியாது. ஒரே செடி, ஒரே வெயில். அங்கே பானம், இங்கே பத்தியம்.

தெலுங்கானாவிலும் இந்தப் பூவுக்கு மரியாதை அதிகம். 2014ல் தனி மாநிலம் ஆனதும் மாநிலப் பூவாகத் தங்கேடு, அதாவது ஆவாரையைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். பதுக்கம்மா பண்டிகைக்குப் பூ அடுக்குவதில் அதற்கு முக்கிய இடம். அவர்களும் அடுக்குவதோடு சரி என்று வைத்துக்கொள்ளுங்கள். :)

சரி, எப்படிச் செய்வது?

காலையில் வெயில் ஏறுவதற்கு முன்னால் பறிக்க வேண்டும். மெயின் ரோட்டு ஓரத்துச் செடி வேண்டாம், லாரிப் புகையும் புழுதியும் அப்பியிருக்கும். முந்திரித் தோப்பு வேலியில் பறிப்பதாக இருந்தால் மருந்து அடித்த நேரமா என்று தோட்டக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. பாதி மலர்ந்த பூவும் மொட்டும் போதும். எறும்பை உதறி, ஒரு முறை அலசி, வெள்ளைத் துணியில் நிழலில் பரப்பிவிட வேண்டும். வெயிலில் போட்டால் நிறம் செத்துவிடும். நாலைந்து நாளில் சருகு மாதிரி நொறுங்கும். ஒரு டம்ளர் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் பூ, தட்டிய சுக்கு ஒரு சிட்டிகை, பனைவெல்லம் கொஞ்சம். நிறைய நேரம் கொதிக்கவிடக் கூடாது. இந்தச் செடியின் பட்டையை வைத்துத்தான் அந்தக் காலத்தில் தோல் பதனிட்டார்கள், அவ்வளவு துவர்ப்பு அதில். பூவிலும் அந்தத் துவர்ப்பு லேசாக உண்டு. டீத்தூள் மாதிரிதான், அதிகம் கொதித்தால் நாக்கை இழுக்கும். அளவோடு இறக்கினால் பொன் நிறத்தில் மெல்லிய மணத்தோடு வரும். பாலும் ஊற்றலாம், ஆனால் முதல் தடவை பால் இல்லாமல் குடித்துப் பார்ப்பது நியாயம்.

வெயில் காலத்துக்கு வெள்ளைக்காரன் முறையே போதும். பாகு காய்ச்சி இறக்கி, சூடு தணிந்ததும் புதுப் பூவையும் எலுமிச்சையையும் போட்டு மூடி, மறுநாள் வடிகட்டினால் சர்பத். ஒரு எச்சரிக்கை. இங்கிலாந்தில் இதை வெளியே வைத்தால் தாங்கும், அந்தக் குளிர் அப்படி. கடலூர் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் வெளியே வைத்தால் நுரைத்துப் பொங்கிவிடும், ஃபிரிட்ஜில்தான் ஊற வேண்டும். அங்கே சிலர் வேண்டுமென்றே பொங்கவிட்டு "ஷாம்பெய்ன்" என்று குடிப்பார்கள். இங்கே அந்த விளையாட்டு வேண்டாம். 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. டாஸ்மாக் நடத்துவது அரசாங்கம், வீட்டில் பொங்கவிட்டால் குற்றவாளி நீங்கள்.

பாசிப்பருப்போடு சேர்த்துக் கூட்டு வைக்கலாம். துவையல் அரைக்கலாம். பஜ்ஜி போட்டவர்கள் யாரும் இருக்கிறார்களா தெரியவில்லை, போட்டால் தப்பில்லை.

பூவைச் சாப்பிடுவது புதுப்பழக்கம் ஒன்றும் இல்லை. சித்திரை ஒன்றாம் தேதி வேப்பம்பூப் பச்சடி இல்லாத வீடு உண்டா? பங்குனியில் வேப்ப மரத்தடியில் பழைய புடவையை விரித்துவைத்து, விடியும்போது உதிர்ந்து கிடப்பதை அள்ளிக் காயவைத்து, வருஷம் முழுக்க ரசம் வைத்துக்கொண்ட வீடுகள் எத்தனையோ. வேப்பம்பூவும் உடம்புக்கு நல்லது என்றுதான் சொல்வார்கள். ஆனால் அதை யாரும் 48 நாள் மண்டலக் கணக்கில் சாப்பிடுவதில்லை. நெய்யில் வறுபடும்போது வருகிற வாசனைக்காகச் சாப்பிடுகிறார்கள். ஆவாரம்பூவுக்குக் கேட்பதும் அந்த ஒரு நியாயம்தான்.

இலுப்பைப்பூ கதை இன்னும் சோகம். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்று கிண்டலாகத்தான் இப்போது சொல்கிறார்கள், ஆனால் அது உண்மையிலேயே சர்க்கரைதான். விடியற்காலையில் உதிரும் அந்தச் சதைப்பிடிப்பான பூவை அப்படியே வாயில் போட்டால் இனிக்கும். வட இந்தியக் காடுகளில் அதுதான் மகுவா, ஆதிவாசிகளுக்குச் சோறும் அதுவே சாராயமும் அதுவே. 1892ல் பம்பாய் மாகாணத்தில் வெள்ளைக்காரன் அந்தப் பூவுக்கென்றே ஒரு சட்டம் போட்டு, தாணா, கொலாபா மாவட்டங்களில் பூவைச் சேர்த்துவைப்பதற்கே கட்டுப்பாடு கொண்டுவந்தான். சாராய வரி போய்விடுமே என்ற கவலை. அதே மகுவா சாராயத்தைப் பாரம்பரிய மது என்று விற்கப்போவதாக மத்தியப் பிரதேச அரசு 2021ல் அறிவித்தது. பூ மாறவில்லை, கல்லாவில் உட்கார்ந்தவர்தான் மாறினார். தமிழ்நாட்டில் பொறுக்குவதற்கு இலுப்பை மரமே அரிதாகிவிட்டது, மயிலாடுதுறைப் பக்கம் இலுப்பைப்பட்டு மாதிரிக் கோயில்களில் தல மரம் என்று பேருக்கு மிஞ்சியிருக்கிறது.

ஆவாரைக்கும் அந்தக் கதி வராது என்று சொல்ல முடியாது. 2017ல் உயர்நீதிமன்றம் சீமைக்கருவேலத்தை, இந்தப் பக்கத்துப் பாஷையில் வேலிக்காத்தானை, அகற்றச் சொன்னபோது ஊர் ஊராக ஜேசிபி இறங்கியது. வேலிக்காத்தான் போவது நல்லதுதான். ஆனால் ஜேசிபி ஓட்டுபவருக்கு வேலிக்காத்தானும் ஆவாரையும் ஒன்றுதான், இரண்டும் பச்சை. வேலிக்காத்தான் இரண்டு மழையில் திரும்பவும் முளைத்துவிடும், ஆவாரை அந்த வேகத்தில் வராது. அது புறம்போக்கில் நிற்கிற செடி, அதற்குப் பட்டா இல்லை. ஊர்க்காரர்கள் அதிலிருந்து பறித்துக் குடிக்கிறவர்களாக இருந்தால்தான் "அதை விட்டுட்டுத் தள்ளுப்பா" என்று சொல்ல ஒரு ஆளாவது இருப்பார்.

வியாபாரம் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும், காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு அது இல்லாமல் பொழுது போகாது. மூலப்பொருள் செலவு பூஜ்யம் என்று கணக்குப் போட்டுத்தான் எல்லாரும் குதிக்கிறார்கள். அது தப்பான கணக்கு. ஒரு அம்மா காலை ஆறு மணியிலிருந்து ஒன்பது வரை பறித்து இரண்டு கிலோ பூ கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். காய்ந்தால் அதில் நானூறு கிராம் மிஞ்சினாலே பெரிது. ஐம்பது கிராம் பாக்கெட் எட்டு ஆகும். பாக்கெட் நூறு ரூபாய்க்குப் போனால் மொத்தம் எண்ணூறு. பறித்த அம்மாவுக்கு அதில் எவ்வளவு? ஐம்பது ரூபாயைக் கையில் திணித்துவிட்டு "சும்மா கிடக்கிற பூதானே" என்பார்கள். பூ சும்மா கிடக்கலாம், அவருடைய மூன்று மணி நேரம் சும்மா கிடக்கவில்லை. லாபநஷ்டக் கணக்கில் கூலி என்ற வரியைக் காலியாக விட்டால் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும்.

பெயர் விஷயத்திலும் ஒரு வேடிக்கை. இங்கிலாந்தில் ஒரு கம்பெனி எல்டர்ஃப்ளவர் ஷாம்பெய்ன் என்று விற்றபோது பிரான்ஸ் நாட்டு ஷாம்பெய்ன்காரர்கள் கேஸ் போட்டு, 1993ல் மேல்முறையீட்டில் ஜெயித்தார்கள். அந்தப் பெயர் போயிற்று. இந்தியாவில் 2025 டிசம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தேயிலைச் செடியிலிருந்து வராத எதையும் "டீ" என்று எழுதி விற்கக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஆக, ஆவாரம்பூ டீ என்று இனிமேல் பாக்கெட்டில் போட முடியாது. போடாவிட்டால் என்ன குறைந்துவிட்டது? ஆவாரம்பூத் தண்ணீர், ஆவாரங்காப்பி, ஆவாரம் சர்பத் என்று தமிழில் பெயருக்கா பஞ்சம்?

பறிக்கக் கிளம்புகிறவர்களுக்கு ஒரு விஷயம், இது விளையாட்டில்லை. மஞ்சளாக இருப்பதெல்லாம் ஆவாரை இல்லை. பேயாவாரை என்று ஒன்று பார்க்கக் கிட்டத்தட்ட அதே சாயலில் இருக்கும். உத்தரப்பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் அதன் காயைத் தின்ற குழந்தைகள் இறந்துபோனதை மருத்துவர்கள் கண்டுபிடித்து எழுதியிருக்கிறார்கள். நிலாவரை பேதிக்குக் கொடுக்கிற செடி. மஞ்சள் அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். எல்டரிலும் பூவைத் தவிர இலை, தண்டு, பச்சைக் காய் எல்லாம் விஷம்தான், 1983ல் கலிஃபோர்னியாவில் இலையும் தண்டுமாகப் பிழிந்த சாற்றைக் குடித்துச் சிலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். படத்தைப் பார்த்துப் பறிக்காதீர்கள். ஆடு மேய்க்கிற ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், அவரை விடப் பெரிய தாவரவியல் பேராசிரியர் கிடையாது. கர்ப்பமாக இருப்பவர்கள், சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவர்கள் தினமும் குடிப்பதாக இருந்தால் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டும். மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள்.

கடைசியாக ஜாடி. பீங்கான் நகரம் என்று பெயர் வாங்கிய ஊர் இது. பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் செய்து பேர் வாங்கியது. வீட்டுக்கு வீடு எம்சிபி வந்ததும் ஃபியூஸ் கட்டையைக் கேட்க ஆள் குறைந்துவிட்டது. கோப்பை, பொம்மை, அகல்விளக்கு, ஊறுகாய் ஜாடி என்று சூளைகள் ஏதோ தள்ளிக்கொண்டிருக்கின்றன. காய்ந்த பூவுக்குப் பிளாஸ்டிக் டப்பா ஆகாது, ஈரம் கோத்துக்கொள்ளும். வாய் இறுக்கமான சின்ன ஜாடிதான் சரி. மாசி மகத்துக்கு மணிமுத்தாற்றில் அத்தனை கூட்டம் கூடுகிறது, ஊரெல்லாம் நீர்மோர்ப் பந்தலும் பானகமும். அந்தப் பந்தலில் ஒன்றில், ஒரே ஒன்றில், உள்ளூர்க் கோப்பையில் ஆவாரம் சர்பத் ஊற்றிக் கொடுத்துப் பார்க்கலாம். "இது எதுக்குப்பா நல்லது?" என்று கட்டாயம் கேட்பார்கள். "தாகத்துக்குங்க" என்று சொல்ல வேண்டும்.